இரண்டு வீட்டுப் பிள்ளை

ஜொகூரின் பாசிர் கூடாங் பந்தயத் தடம் 1986இல் திறக்கப்பட்டது. நீளம் 3.86 கிலோமீட்டர். இரண்டிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் 86 ஒரு காரின் பெயரும்கூட. தற்செயல்தான், ஆனாலும் வளைவும் நெளிவுமான அந்தத் தடத்துக்கென்றே செய்ததுபோன்ற கார் அது.

2012இல் விற்பனைக்கு வந்த டொயோட்டா 86, சுபாரு பிஆர்ஸெட் என்ற பெயரிலும் விற்றது. இத்தகைய ஸ்போர்ட்ஸ் கார்களை வாங்குவோர் கொஞ்சம். செலவைத் தனியாகச் சுமந்தால் கட்டுப்படியாகாது. அதனால் இரு நிறுவனங்களும் கைகோத்தன: திட்டத்தை முன்னின்று நடத்தியவர் டொயோட்டாவின் தெட்சுயா தாடா, எஞ்சினும் தொழிற்சாலையும் சுபாருவுடையவை. நான்கு சக்கரங்களும் உந்தும் கார்களுக்குப் பேர்போன சுபாரு, பின்சக்கர உந்துதலுக்கு இறங்கிவந்தது வேடிக்கைதான்.

எஞ்சின் 'பாக்ஸர்' வகை. வழக்கமாக நிமிர்ந்து நிற்கும் பிஸ்டன்கள் இதில் பக்கத்துக்கு இரண்டாகப் படுத்துக்கொண்டு, குத்துச்சண்டைக்காரரின் கைகள்போல் வெளியே பாய்ந்து உள்ளே திரும்பும். எஞ்சின் தட்டையாக இருப்பதால் தாழ்வாக உட்காரும்; வளைவில் கார் அதிகம் சாயாது. சிலிண்டரின் விட்டம் 86 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓடும் தூரமும் 86.

2 லிட்டர், டர்போ கிடையாது, 200 குதிரைத்திறன். நேர்ச்சாலையில் டர்போ வைத்த சாதாரண கார்கூட இதை முந்திவிடலாம். ஆனால் எடை ஏறக்குறைய 1,240 கிலோதான். டயரின் அகலமும் 215 மில்லிமீட்டர்தான். பிரியஸ் காருக்குப் போடும் வகை டயர். கஞ்சத்தனம் என்று நினைத்தால் தவறு. பிடிமானம் மிகுந்த டயர் வேகம் எல்லை மீறும்வரை பொறுத்து, சட்டென்று கைவிடும். இது குறைந்த வேகத்திலேயே மெல்ல நழுவும். நழுவுவதை ஓட்டுநரின் இடுப்பே உணர்ந்துவிடும்.

முன்சக்கர உந்துதலில் ஒரே டயர் காரை இழுக்கவும் வேண்டும், திருப்பவும் வேண்டும். வளைவில் ஆக்ஸிலேட்டரை அதிகம் மிதித்தால் கார் திரும்பாமல் வெளிப்பக்கம் போகும். 86இல் முன்சக்கரம் திரும்புவதோடு சரி, தள்ளுவது பின்சக்கரம். ஆகவே வலது பாதமும் ஒரு ஸ்டீயரிங்தான்: அழுத்தினால் வால் வெளியே வரும், தளர்த்தினால் அடங்கும். தடத்தில் இது சுகம். ஜொகூரின் அடைமழையில், செம்பனைத் தோட்டத்து ஈரச்சாலையில் இதே குணம் ஆளைச் சுழற்றிவிடும்.

திறன் போதாது என்று ஏறக்குறைய பத்தாண்டுகள் முணுமுணுத்தார்கள். 2021இல் வந்த இரண்டாம் தலைமுறையில் எஞ்சின் 2.4 லிட்டரானது. எடையை மட்டும் அதிகம் ஏறவிடவில்லை.