பள்ளியில் பிள்ளையைச் சீண்டினால்

சித்தூர், திருப்பதிப் பக்கம் வந்து குடியேறிய நம் குடும்பங்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "பையன் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்கிறான். ஏனென்று கேட்டால் வாயே திறப்பதில்லை." பாடம் கடினம் போலும் என்று நாம் டியூஷனுக்கு ஆள் தேடுகிறோம். சில வீடுகளில் சங்கதி வேறு. மாற்றலாகி நடு ஆண்டில் வந்து சேர்ந்த பிள்ளை தெலுங்கைத் தமிழ் வாடையோடு பேசுகிறது. நாலு பேர் அதைப் பரிகாசம் செய்கிறார்கள். அப்புறம் சாப்பாட்டு டப்பா காணாமல் போகிறது, அப்புறம் கை நீள்கிறது.

"சின்னப் பிள்ளைகள் சண்டை, நாமும் இப்படித்தானே வளர்ந்தோம்" என்பார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1996 நவம்பரில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் நாவரசு கொலையுண்டதை மறந்திருக்க மாட்டீர்கள். அதையொட்டித் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. ஆந்திரத்திலும் 1997-இல் அதுபோன்ற சட்டம் பிறந்தது. ராகிங் என்றதும் கல்லூரி விடுதிதான் நம் நினைவுக்கு வரும். ஆந்திரச் சட்டத்தின் விளக்கமோ அகலமானது: ஒரு மாணவருக்கு அவமானம், அச்சம், மிரட்டல், காயம் உண்டாக்கும் செயல் எதுவும் அதில் அடங்கும். புகார் வந்தும் நிர்வாகத் தலைவர் வாளாவிருந்தால் அவரும் குற்றத்துக்கு உடந்தை என்று கருதப்படுவார். பெற்றோருக்கு இதுவே பெரிய பிடிமானம்.

ரயில்வேயில் ஒரு வழக்கம் உண்டு. நிற்காமல் போகும் வண்டியையும் ஸ்டேஷன் மாஸ்டர் வெளியே வந்து நின்று பார்ப்பார். அச்சு சூடேறிப் புகைந்தால் உடனே அடுத்த நிலையத்துக்குச் சேதி போகும். சக்கரம் கழன்ற பிறகு விசாரிப்பது வேறு வேலை. பள்ளியிலும் முதல் புகைச்சலிலேயே எழுத்தில் கொடுங்கள். தேதி, இடம், என்ன நடந்தது, பார்த்தவர் யார் என்பவை போதும், வசை வேண்டாம். நகலில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்ப்புகார் காற்றோடு போய்விடும். தலைமையாசிரியர் அசையாவிட்டால் மண்டலக் கல்வி அதிகாரி, பிறகு மாவட்டக் கல்வி அதிகாரி. அவசரமென்றால் 1098 என்ற இலவசத் தொலைபேசி இரவும் பகலும் உண்டு.

நம்மில் பலர், "நாலு போடுங்க சார், அப்போதுதான் திருந்துவான்" என்று ஆசிரியரிடமே பிரம்பைக் கொடுத்துவிட்டு வருகிறோம். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அடியையும் மனத்துன்புறுத்தலையும் தடுக்கிறது. அடிபட்டவன் தன்னிலும் சிறியவனைத் தேடுவான் என்பது என் எண்ணம். சீண்டியவனை டி.சி. கொடுத்து அனுப்பச் சொல்வதும் செல்லாது; எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தப் பிள்ளையையும் வெளியேற்ற அதே சட்டத்தின் 16-ஆம் பிரிவு இடம் தரவில்லை. அந்தப் பையனின் பெற்றோரையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசத்தான் வேண்டும். அந்தப் பையன் நம் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம்!

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. 2022 ஏப்ரல் 4 முதல் திருப்பதி தனி மாவட்டம். ரேணிகுண்டா, காளஹஸ்திக்காரர்கள் சித்தூர் அலுவலகத்துக்கு மனு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டாம்.