குழந்தையின் உடல், பெற்றோரின் கையெழுத்து

ஜெர்மனியின் கொலோன் நகரம். 2010 நவம்பர் 4 அன்று நான்கு வயதுப் பையன் ஒருவனுக்கு மருத்துவர் ஒருவர் சுன்னத்து செய்தார். பையனுக்கு நோய் எதுவும் இல்லை. பெற்றோர் முஸ்லிம்கள், அவர்கள் கேட்டுக்கொண்டதால் செய்தார். மரத்துப்போக ஊசி போட்டு, முன்தோலை நீக்கி, நான்கு தையல் போட்டார். அன்று மாலை வீட்டுக்கே போய்ப் பையனைப் பார்த்துவிட்டும் வந்தார். இரண்டு நாள் கழித்துக் காயத்திலிருந்து ரத்தம் வந்தது. தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பல்கலைக்கழக மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு ஓடினார். அங்கே ரத்தத்தை நிறுத்தினார்கள், பையனும் தேறிவிட்டான். ஆனால் விஷயம் அரசு வழக்கறிஞரிடம் போயிற்று. மருத்துவர் மீது உடற்காயம் விளைவித்த குற்றத்துக்காக வழக்குப் பதிவானது.

கீழ் நீதிமன்றம் அவரை விடுவித்தது. மேல்முறையீட்டில் கொலோன் மாவட்ட நீதிமன்றம் 2012 மே 7 அன்று சொன்ன தீர்ப்புதான் ஐரோப்பா முழுவதையும் உலுக்கியது. மருத்துவர் கைத்தவறு எதுவும் செய்யவில்லை, முறைப்படிதான் செய்திருக்கிறார் என்பதை நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனாலும் மருத்துவத் தேவை இல்லாமல் குழந்தையின் உடலிலிருந்து மீட்க முடியாதபடி ஒரு பகுதியை நீக்குவது உடற்காயமே; பெற்றோரின் சம்மதம் அதைச் சட்டப்படி சரியாக்கிவிடாது என்றது. எந்த மார்க்கத்தில் நிற்பது என்பதைப் பையன் வளர்ந்தபின் தானே முடிவுசெய்ய உரிமை உண்டு, அதுவரை காத்திருப்பது பெற்றோரின் உரிமையைப் பெரிதாகப் பாதிக்காது என்பது நீதிபதிகளின் வாதம். இப்படிச் சொல்லிவிட்டு மருத்துவரை விடுதலையும் செய்தார்கள். அன்றைய சட்ட நிலை தெளிவில்லாமல் இருந்ததால், தான் செய்வது குற்றம் என்று அவர் அறிந்திருக்க வழியில்லை என்பது காரணம். விடுதலையான மனிதர் மேல்முறையீடு செய்ய முடியாது. தீர்ப்பு அப்படியே நின்றுவிட்டது.

ஒரு மாவட்ட நீதிமன்றத்தின் தீர்ப்பு நாட்டின் மற்ற நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் பயம் சட்டநூலைப் படித்துவிட்டு வருவதில்லை. பெர்லின் யூத மருத்துவமனை சுன்னத்து செய்வதையே நிறுத்திவைத்தது. யூதர்களுக்கு இது பிறந்த எட்டாம் நாளில் செய்யவேண்டிய உடன்படிக்கை. உடல்நலக் காரணம் இல்லாமல் தள்ளிப்போட இடமில்லாத கடமை. யூதர்களை அழிக்கத் துணிந்த ஒரு தேசத்தில், அவர்களின் முதல் சடங்கே குற்றம் என்று நீதிமன்றம் சொன்னால் தப்பிப் பிழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் மனம் என்ன பாடுபட்டிருக்கும்? இதை விட்டுவிட்டு அந்தத் தீர்ப்பை எடை போட முடியாது. ஜெர்மனியில் வாழும் இலட்சக்கணக்கான முஸ்லிம் குடும்பங்களுக்கும் அதே கலக்கம்.

நாடாளுமன்றம் விரைந்து செயல்பட்டது. 2012 டிசம்பர் 12 அன்று 434 பேர் ஆதரவாகவும் 100 பேர் எதிராகவும் வாக்களித்து, குடிமையியல் சட்டத்தில் 1631d என்ற ஒரு புதிய பிரிவைச் சேர்த்தார்கள். சுயமாக முடிவெடுக்கும் வயது வராத மகனுக்குச் சுன்னத்து செய்யப் பெற்றோர் சம்மதிக்கலாம். ஆனால் அது மருத்துவ முறைப்படிதான் நடக்கவேண்டும். பிள்ளையின் நலனுக்குக் கேடு என்றால் அந்தச் சம்மதம் செல்லாது. முதல் ஆறு மாதத்துக்குள் என்றால், மருத்துவர் அல்லாத, ஆனால் தனிப் பயிற்சி பெற்ற சமயப் பொறுப்பாளரும் செய்யலாம். பையனுக்கு 14 வயது நிரம்பும்வரை காத்திருக்கவேண்டும் என்று 66 உறுப்பினர்கள் கொண்டுவந்த மாற்று மசோதா தோற்றது.

இதோடு முடிந்தது என்று பலர் நினைத்தார்கள். அடுத்த ஆண்டே ஹாம் நகர மேல்நிலை நீதிமன்றத்துக்கு இன்னொரு வழக்கு வந்தது. கென்யாவைப் பூர்வீகமாகக் கொண்ட தாய் ஒருவர் தன் ஆறு வயது மகனுக்குத் தன் ஊர் வழக்கப்படி செய்ய விரும்பினார். நீதிமன்றம் மறுத்தது. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்றைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன்: அந்தப் பையனிடம் அவன் வயதுக்குப் புரிகிற மாதிரி இதைப் பற்றித் தாயோ மருத்துவரோ பேசியதாகத் தெரியவில்லை. பெற்றோருக்கு உரிமை கொடுத்த அதே சட்டத்தை வைத்துத்தான் நீதிமன்றம் இப்படிச் சொன்னது.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது பக்கத்துத் தெரு நண்பனின் மார்க்கக் கல்யாணத்துக்கு, அதாவது சுன்னத்து விழாவுக்குப் போயிருந்தேன். புதுச் சட்டை, தலையில் ஜரிகைத் தொப்பி, கழுத்தில் ரூபாய் நோட்டு மாலை. அவனுக்கு என்ன நடக்கப்போகிறது என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வீட்டு உள்ளறையில் கவிழ்த்த உரலின் மேல் அவனை உட்காரவைத்து, மாமா பின்னாலிருந்து கையைப் பிடித்துக்கொண்டார். மேலே குருவி பறக்குது பார் என்று யாரோ சொன்னார்கள். வாசலில் நின்ற எனக்கு அந்தக் குரல் மட்டும்தான் கேட்டது. அதன்பின் அவன் கத்தியது. மறுநாள் போனபோது உத்தரத்திலிருந்து தொங்கிய கயிற்றில் லுங்கியைக் கூடாரம் மாதிரி கட்டி, துணி காயத்தில் படாமல் படுக்கவைத்திருந்தார்கள். அவன் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: “உனக்குத் தெரிஞ்சிருந்தா எங்கிட்ட சொல்லியிருப்பியாடா?”

அந்த வீட்டில் அவனை வெறுத்தவர் யாருமில்லை. அவன் அத்தா இரவெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து விசிறினார். அன்பு குறைவில்லை. வலி தடுக்கும் ஊசியும், முன்கூட்டிய ஒரு வார்த்தையும்தான் இல்லை.

தடைசெய்வது சரியா, அனுமதிப்பது சரியா என்ற சண்டையில் இந்த இரண்டும் காணாமல் போவதுதான் என் கவலை. தடை என்பதை நான் ஏற்கவில்லை. தடை போட்டால் சடங்கு நிற்காது. மருத்துவமனையிலிருந்து உள்ளறைக்குத்தான் போகும். ஆனால் பெற்றோரின் கையெழுத்து ஒன்றே எல்லாவற்றுக்கும் போதும் என்பதையும் என்னால் ஒப்பமுடியாது. அந்தக் கையெழுத்து இன்னொரு உயிரின் சார்பில் போடப்படுவது. ஸ்வீடன் 2001இல் கொண்டுவந்த சட்டம் எனக்குப் பிடித்தது. அங்கே தடை இல்லை. ஆனால் வலி நீக்கம் கட்டாயம். அதைத் தகுதியுள்ள மருத்துவரோ செவிலியரோதான் தரவேண்டும். இரண்டு மாதம் தாண்டிய குழந்தைக்கு மருத்துவர்தான் செய்யவேண்டும். பையன் வேண்டாம் என்றால் செய்யக் கூடாது.

எதிர்ப்பவர்கள் கேட்கும் கேள்வியையும் நேர்மையாகப் பார்க்கவேண்டும். பெண் குழந்தையின் உறுப்பில் சிறு கீறல் போட்டாலும் பல நாடுகளில் குற்றம்; ஆண் குழந்தைக்கு மட்டும் ஏன் இல்லை? பெண் உறுப்புச் சிதைப்பால் உடல்நல நன்மை எதுவும் கிடையாது, கேடு மட்டுமே என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. சுன்னத்தில் அப்படிச் சொல்ல முடியாது. தென்னாப்பிரிக்கா, கென்யா, உகாண்டா ஆகிய மூன்று நாடுகளில் நடந்த ஆய்வுகளில், பெண்ணிடமிருந்து ஆணுக்கு எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு சுமார் 60 சதவீதம் குறைந்தது. ஆனால் அந்த ஆய்வுகளில் சேர்ந்தவர்கள் வளர்ந்த ஆண்கள், தாங்களே சம்மதித்தவர்கள். கைக்குழந்தைகளுக்குச் சிறுநீர்த் தொற்று குறைகிறது என்பதும் உண்மை. ஒரு தொற்றைத் தடுக்க ஏறக்குறைய நூறு குழந்தைகளுக்குச் செய்யவேண்டியிருக்கும் என்பதும் உண்மை. இதே சான்றுகளை வைத்துக்கொண்டு அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2012இல் நன்மை ஆபத்தைவிட அதிகம், ஆனால் எல்லாக் குழந்தைக்கும் பரிந்துரைக்கும் அளவுக்கு இல்லை என்றது. நெதர்லாந்து மருத்துவர் சங்கமோ 2010இல் இதை ஊக்குவிக்கக் கூடாது என்றது. ஆக, ஆரோக்கியத்துக்காகத்தான் செய்கிறோம் என்று யாராவது சொன்னால் அது பாதி உண்மை. மார்க்கத்துக்காகச் செய்கிறோம் என்று சொல்வதே நேர்மை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நம் ஊருக்கு வருவோம். தமிழ் முஸ்லிம்களில் கடலோரத்தவர் பெரும்பாலும் ஷாஃபி மத்ஹபை, அதாவது அந்தச் சட்ட மரபைப் பின்பற்றுவோர். அவர்களுக்கு இது கட்டாயக் கடமை. உள்நாட்டு ஊர்களில் பெரும்பாலோர் ஹனஃபிகள். அவர்களுக்கு வலியுறுத்தப்பட்ட நபிவழி. இரண்டிலும் யூத முறை போல எட்டாம் நாள் என்ற கெடு இல்லை. காய்ச்சல், மஞ்சள் காமாலை, எடைக் குறைவு என்றால் தள்ளிப்போடலாம். ஒசா என்று குமரிப் பக்கமும் ஒஸ்தா என்று இலங்கையிலும் அழைக்கப்பட்டவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த வேலை இன்று பெரும்பாலும் மருத்துவர் கைக்கு மாறியிருக்கிறது. ஆனால் முழுவதும் மாறிவிடவில்லை.

ஆபத்து எவ்வளவு? பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2010இல் வெளியான கணக்கின்படி, கைக்குழந்தைகளில் நடுமதிப்பாக 1.5 சதவீதம் பேருக்கு ஏதாவது சிக்கல் வருகிறது. பெரிய சிக்கல் அபூர்வம். வளர்ந்த பையன்களில் இது சுமார் 6 சதவீதம். இவை பயிற்சி பெற்ற கைகளின் கணக்கு. அபூர்வமாக வருவது எப்படி இருக்கும் என்பதற்குக் கனடாவின் வின்னிபெக் நகரில் 1966இல் நடந்தது சாட்சி: எட்டு மாதக் குழந்தை ஒன்றின் குறி மின்சூட்டுக் கருவியால் முழுதும் கருகிப்போனது.

செய்யவே கூடாத குழந்தைகளும் உண்டு. சில பிள்ளைகளுக்கு முன்தோல் அரைகுறையாக இருக்கும். சுன்னத்தாகவே பிறந்த பிள்ளை என்று வீட்டில் மகிழ்வார்கள். அப்படிப்பட்ட குழந்தையின் சிறுநீர்த் துவாரம் நுனியில் இருக்கிறதா, அடிப்புறம் இருக்கிறதா என்று உடனே பார்க்கவேண்டும். அடிப்புறம் இருந்தால் அது பிறவிக் குறை. அதைச் சரிசெய்யும் அறுவைக்கு அந்த முன்தோல்தான் தேவைப்படும். அதை வெட்டியெறிந்துவிட்டால் பிறகு வேலை கடினம். அதேபோல, தாய்வழி மாமன்மாருக்கோ அண்ணன்மாருக்கோ ரத்தம் எளிதில் உறையாத குறை இருந்தால், ரத்தப் பரிசோதனை செய்யாமல் கத்தி படவே கூடாது. யூதர்களின் சமயச் சட்டநூலான தல்மூத் இதை எப்போதோ கண்டுகொண்டது: மூத்த சகோதரர்கள் இந்தச் சடங்கால் இறந்திருந்தால் அடுத்தவனுக்குச் செய்யாதே என்கிறது. உயிரைக் காப்பதற்காகச் சடங்கை நிறுத்துவது மார்க்கத்துக்கு அந்நியமானதல்ல.

இந்தியாவில் ஆண் குழந்தையின் சுன்னத்துக்கெனத் தனிச் சட்டம் கிடையாது. குழந்தைகளுக்குச் செய்வதைக் குற்றமாக அறிவிக்கக் கோரிய மனுவைக் கேரள உயர் நீதிமன்றம் 2023 மார்ச்சில் ஏற்கத்தக்கதல்ல என்று தள்ளுபடி செய்தது. 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்குக் காப்பாளரின் சம்மதத்தோடு, அதன் நன்மைக்காக நல்லெண்ணத்தில் செய்வது குற்றமாகாது என்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் 27ஆம் பிரிவு. நல்லெண்ணம் என்பதற்குச் சட்டத்தில் உரிய கவனம் என்ற பொருளும் உண்டு. அழுக்குப் பிளேடும் காயத்தில் வைக்கும் சாம்பலும் அந்தக் காப்புக்குள் வராது என்பதே என் கருத்து.

கணவன் மனைவிக்குள் கருத்து வேறுபாடு என்றால்? பிரிந்து வாழும் பெற்றோர், கலப்புத் திருமணம் செய்தவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். இங்கிலாந்தில் 1999இல் ஒரு வழக்கு: முஸ்லிம் தந்தை ஐந்து வயது மகனுக்குச் செய்ய விரும்பினார், கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த தாய் மறுத்தார். இருவரும் ஒத்துக்கொள்ளாவிட்டால் நீதிமன்ற அனுமதி இல்லாமல் செய்யக் கூடாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் பிள்ளையைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பி, மற்றவருக்குத் தெரியாமல் காரியத்தை முடிக்கும் பழக்கம் தவறு. தடுக்க விரும்புகிறவர் குடும்ப நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை கேட்கலாம்.

தவறு நடந்துவிட்டால் முதலில் பத்திரப்படுத்த வேண்டியது காகிதம். மருந்துச் சீட்டு, ரசீது, சம்மதப் படிவம் எல்லாம் கேட்டு வாங்குங்கள். மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்பது மருத்துவர்களுக்கான நடத்தை விதி. கட்டணம் கொடுத்துச் செய்திருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் வழக்குக் கட்டணம் இல்லை. எல்லோருக்கும் இலவசமாகச் செய்யும் அரசு மருத்துவமனை என்றால் நுகர்வோர் ஆணையம் ஏற்காது. உரிமையியல் நீதிமன்றத்துக்கோ உயர் நீதிமன்றத்துக்கோ போகவேண்டும். மருத்துவர் மீதான நடத்தைப் புகாரைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் விசாரிக்கும். காவல் நிலையத்திலும் புகார் தரலாம். ஆனால் மருத்துவர் மீது குற்ற வழக்கு நடத்துமுன் வேறொரு மருத்துவரின் நடுநிலைக் கருத்தைப் பெறவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2005இல் கூறியிருக்கிறது. மிரட்டியோ அடித்தோ ஒரு சிறுவனை இதற்கு இழுத்துப்போவதைக் கண்டால் குழந்தைகள் உதவி எண் 1098க்குக் கூப்பிடலாம்.

செய்வதென்று முடிவெடுத்த பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். மரத்துப்போக ஊசி போடுவீர்களா என்று மருத்துவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். சின்னக் குழந்தைக்கு வலி தெரியாது என்று யார் சொன்னாலும், அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். பேசத் தெரிந்த பிள்ளை என்றால் குருவி காட்டாதீர்கள். என்ன செய்யப்போகிறோம், ஏன், எத்தனை நாள் வலிக்கும் என்று சொல்லுங்கள். அவன் வேண்டாம் என்று அழுதால் அன்று வேண்டாம்.

வீட்டுக்கு வந்தபின் ரத்தம் சொட்டுச் சொட்டாக நிற்காமல் வந்தாலும், துணி நனைந்தாலும், குறியின் மொட்டு நீலமாகவோ கறுப்பாகவோ மாறினாலும், பல மணி நேரம் சிறுநீர் கழிக்காவிட்டாலும், காய்ச்சல் வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மஞ்சளும் சாம்பலும் வைக்காதீர்கள். ஊர் என்ன சொல்லுமோ என்று யோசிக்காதீர்கள். சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் எந்த மருத்துவமனையில் அவசரப் பிரிவு இருக்கிறதோ அங்கே போங்கள். கொலோன் தாய் செய்தது அதைத்தான்.