நிலத்தடித் தளத்தில் ஊறும் நீர்: அடைப்பதா, வடிப்பதா?

2023 டிசம்பர் மழையில் தூத்துக்குடி மாவட்டத்தின் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. தெருவில் நின்ற வெள்ளம் வடிவது கண்ணுக்குத் தெரியும். மண்ணுக்குள் இறங்கிய நீர் தெரியாது. தூத்துக்குடி போன்ற தாழ்வான கடலோர ஊர்களில் பெருமழைக்குப் பின் நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்து, அடுக்குமாடிகளின் வாகன நிறுத்தங்களையும் கடைகளின் கிடங்குகளையும் வெளியிலிருந்து நெருக்கும்.

அந்த நெருக்கல் சாதாரணமல்ல. நிலத்தடித் தளத்தின் தரையைவிட 1 மீட்டர் உயரத்துக்கு வெளியே நீர் நின்றால், உள்ளே ஒவ்வொரு சதுர மீட்டர் தரையையும் ஏறக்குறைய 1 டன் விசை கீழிருந்து தள்ளும். சுவரும் தரையும் சேரும் மூலையில்தான் முதலில் கசியும். உள்பக்கம் மட்டும் சிமென்ட் பூசினால், நீரழுத்தம் நாளடைவில் பூச்சைப் பெயர்த்துவிடும். இல்லாவிட்டால் வேறொரு விரிசலில் ஊற்றெடுக்கும்.

அதனால் வரும் நீருக்கு வழிவிட்டு, சேர்த்து, வெளியேற்றுவதே உள்வடிகால் முறை. இதற்கு மூலம் வயல் வடிகால். அமெரிக்கரான ஹென்றி ஃபிளாக் பிரெஞ்ச் 1859இல் வெளியிட்ட நூலால் அது பரவலானது.

சுவரோரமாகத் தரையை வெட்டி வாய்க்கால் எடுப்பார்கள். வடிதுணி விரித்து, துளையிட்ட பிவிசி குழாயைப் பதித்து, சுற்றிலும் கழுவிய ஜல்லி நிரப்புவார்கள். மீட்டருக்கு 1 செ.மீ. வாட்டம் கொடுத்தால் நீர் தானாகவே மூலையிலுள்ள குழிக்கு ஓடும். இது குடிதண்ணீர் சம்ப் அல்ல, வடிநீர்க் குழி. நீர் ஏறினால் மிதவை உயர்ந்து, சுவிட்ச் இயங்கி, மோட்டார் ஓடும். ஏற்றிய நீர் திரும்பாமல் நான்-ரிட்டர்ன் வால்வு தடுக்கும்.

தரையே கட்டடத்தைத் தாங்கும் ராஃப்ட் அஸ்திவாரமாக இருந்தால் வெட்டவே கூடாது; கட்டுமானப் பொறியாளரைக் கேட்டு, தரைக்கு மேலேயே வாய்க்கால் அமைக்க வேண்டும்.

நம் கரையில் இன்னொரு எதிரி உப்பு. சுவரில் வெள்ளையாகப் பூப்பதோடு நில்லாமல், உள்ளே கம்பியைத் துருவேற்றிப் பருக்கவைத்து, கான்கிரீட்டையே பிளக்கும். உள்வடிகால் இதைத் தடுக்காது. புதிதாகக் கட்டுவோர் வெளிச்சுவரிலேயே நீர்த்தடுப்பு செய்வதுதான் நல்லது. மோட்டாரும் உப்பு நீரைத் தாங்கும் 316 ரக எஃகில் இருக்கட்டும்.

தெரு வெள்ளம் சாய்தளம் வழியே புகுந்தால் எந்த மோட்டாரும் ஈடுகொடுக்காது; வாசலில் மேடு கட்டுங்கள். பெருமழையில் முதலில் போவது கரண்ட். மோட்டாருக்கு இன்வெர்ட்டரோ ஜெனரேட்டரோ அவசியம். ஐப்பசி மழைக்கு முன்பே குழியில் தண்ணீர் ஊற்றி, மிதவை உயர்ந்து மோட்டார் ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.