இரண்டு டன் ஏசியும் ஒரு வாளித் தண்ணீரும்

திருவான்மியூரில் நாங்கள் குடியிருந்த மாடி வீட்டின் படுக்கையறை பத்துக்குப் பன்னிரண்டு. தலைக்கு மேல் மொட்டை மாடி. கத்திரி வெயில் நாட்களில் இரவு பதினொரு மணிக்குச் சுவரில் கை வைத்தாலும் சுடும். பெரிதாக வாங்கினால் சீக்கிரம் குளிரும் என்று இரண்டு டன் ஏசியை வாங்கி மாட்டினோம். கடையில் இருந்தவரும் அப்படித்தான் சொன்னார். சீக்கிரம் குளிர்ந்தது உண்மைதான். சில நிமிடங்களிலேயே அறை 24 டிகிரிக்கு வந்துவிடும். வெளியே கம்ப்ரசர் 'டக்' என்று நிற்கும். தொல்லை அதற்குப் பிறகுதான். அம்மா போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வார். பத்து நிமிடத்தில் உதறித் தள்ளுவார். தலையணை உறை சில்லென்று இருக்கும், ஆனால் நமத்துப் போயிருக்கும். கழுத்தெல்லாம் கசகசப்பு. அலமாரியில் தொங்கிய தோல் பெல்ட்டில் பூஞ்சணம் பிடித்தது. கம்ப்ரசர் மறுபடி கிளம்பும்போதெல்லாம் ட்யூப் லைட் ஒரு கணம் மங்கி எரியும்.

சர்வீசுக்கு வந்த மெக்கானிக் கேஸ் பார்த்தார், காயிலைக் கழுவினார், ஃபில்டரைத் தட்டி மாட்டினார். கடைசியில் சொன்னார்: "மெஷின்ல ஒரு குறையும் இல்ல சார். ரூமுக்கு மெஷின் பெருசு. தண்ணி இழுக்கறதுக்குள்ள கட் ஆயிடுது."

தண்ணி இழுப்பது. இந்தத் தொழிலின் பாதி அறிவியல் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது.

அன்றிரவு வெளியே நீட்டிக்கொண்டிருந்த ட்ரெயின் பைப்புக்குக் கீழே ஒரு வாளியை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கம்ப்ரசர் கிளம்பியது. சொட்டு இல்லை. நேரம் போனது. ஒரு சொட்டு விழுந்தது, இன்னொன்று விழுந்தது, பிறகு சரசரவென்று நாலைந்து. அத்தோடு கம்ப்ரசர் நின்றது. கொஞ்ச நேரத்தில் சொட்டும் நின்றது. உள்ளே ஃபேன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

சென்னையின் கோடை இரவுக் காற்றை 30 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 23 கிராம் நீராவி கலந்திருக்கும். எங்கள் அறையின் கொள்ளளவு ஏறக்குறைய 34 கன மீட்டர். அதாவது கண்ணுக்குத் தெரியாமல் முக்கால் லிட்டருக்கும் மேல் தண்ணீர் கட்டிலைச் சுற்றி மிதந்துகொண்டிருக்கிறது. இந்தக் காற்றிலிருந்து நீரை எடுக்காமல் 24 டிகிரிக்குக் குளிர்விக்க முயன்றால் என்ன ஆகும்? 24 டிகிரிக் காற்றால் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 22 கிராம் நீராவிக்கு மேல் சுமக்க முடியாது. மிச்சம் சுவரில் வியர்க்கும். ஐஸ் தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் டம்ளரின் வெளிப்பக்கம் முத்து முத்தாகப் பூக்கிறதே, அறையே அப்படி ஆகிவிடும். சென்னையில் ஏசிக்கு வேலை இரண்டு: சூட்டை வெளியே தள்ளுவது, தண்ணீரை வெளியே தள்ளுவது. ரிமோட்டில் தெரியும் எண் முதல் வேலையைப் பற்றி மட்டுமே பேசுகிறது.

தண்ணீர் தள்ளும் வேலை லேசானதும் இல்லை. ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சமமான நீராவி ஏசியின் குளிர்ந்த காயிலில் பட்டு நீராகும்போது கிட்டத்தட்ட 2,400 கிலோஜூல் வெப்பத்தைக் கக்கும். அதையும் ஏசிதான் சுமந்து வெளியே கொட்ட வேண்டும். ஒருமுறை எடுத்துவிட்டால் தீர்ந்ததா என்றால் அதுவும் இல்லை. கதவிடுக்கில் கடற்காற்று ஈரத்தோடு நுழைந்துகொண்டே இருக்கும். தூங்கும் மனிதர் ஒருவர் மூச்சாலும் தோலாலும் மணிக்குச் சுமார் 40 கிராம் நீரை விடுகிறார். மூன்று பேர் எட்டு மணி நேரம் தூங்கினால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர்.

ஏசி பிறந்த கதையே ஈரத்தில்தான் தொடங்குகிறது. 1902இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஓர் அச்சகத்துக்கு ஒரு சிக்கல். கோடை ஈரத்தில் தாள் உப்பும், காய்ந்தால் சுருங்கும். ஒரு வண்ணத்தின் மேல் அடுத்த வண்ணம் சரியாக உட்காராது. காலண்டர் அச்சடிக்கும் சிவகாசிக்காரர்களுக்கு இந்த வேதனை புரியும். வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர் அந்த அச்சகத்துக்காக வடிவமைத்த அமைப்புதான் இன்றைய ஏசியின் முன்னோடி. அது தாளுக்காகக் காற்றை உலர்த்த வந்தது. மனிதர்களுக்குக் குளிரூட்டியது பிறகு கிடைத்த பலன்.

'டன்' என்ற அளவுக்கும் சென்னைக்கும் பழைய உறவு உண்டு. ஒரு டன் ஏசி என்றால் அதன் எடை ஒரு டன் என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் ஓர் அமெரிக்க டன், அதாவது 907 கிலோ பனிக்கட்டி, 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ அவ்வளவை வெளியேற்றும் திறன் அது. மெரினா எதிரே ஐஸ் ஹவுஸ் என்று நாம் சொல்லும் விவேகானந்தர் இல்லம், பாஸ்டனைச் சேர்ந்த ஃபிரெடெரிக் டியூடர் 1842இல் ஐஸ் சேமிக்கக் கட்டிய கிடங்கு. மாசசூசெட்ஸ் ஏரிகளில் அறுத்த பனிக்கட்டி, மரத்தூளில் பொதியப்பட்டுப் பாய்மரக் கப்பலில் பாதி உலகம் சுற்றி அங்கே வந்து இறங்கியது. டன்னின் அந்தக் கணக்குப்படி பார்த்தால், முழு வேகத்தில் ஓடும் இரண்டு டன் ஏசி ஒரு நாளில் 1,800 கிலோ ஐஸ் உருகுவதற்குச் சமமான வேலையைச் செய்கிறது. அவ்வளவையும் 120 சதுர அடி அறைக்குள் வைத்தால் என்ன ஆகும் என்பதை நாங்கள் அனுபவித்தோம்.

பழைய வகை ஏசிக்குத் தெரிந்தது முழு வேகம், அல்லது ஓய்வு. நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாகப் போய் வருகிறது. கம்ப்ரசர் மோட்டார் அந்தத் தாளத்துக்குக் கட்டுப்பட்டு நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுழலும். வெளியே கத்திரி வெயிலா, மார்கழி இரவா என்பது அதற்குத் தெரியாது. கிளம்பும் கணத்தில், ஓடும்போது இழுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். எங்கள் ட்யூப் லைட் மங்கியது அதனால்தான். கிளம்பிய பின் காயில் குளிர வேண்டும், அதன் மேல் நீர் படிய வேண்டும், அலுமினியத் தகடுகள் முழுக்க நனைந்த பிறகே சொட்டு கீழே இறங்கும். அதற்குள் அறை 24ஐத் தொட்டுவிட்டால் கம்ப்ரசர் நிற்கும். ஃபேன் நிற்காமல் ஓடி, காயிலில் படிந்திருந்த ஈரத்தை மறுபடி அறைக்குள்ளேயே ஊதிவிடும். தலையணை நமத்துப் போனதன் காரணம் இதுதான்: எடுத்த தண்ணீரை ஏசியே திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது.

இதற்கு அமெரிக்க வீடுகளில் கண்ட விடைகளில் ஒன்று இரண்டு நிலை ஏசி. அங்கே வீடு முழுவதற்கும் ஒரே இயந்திரம், குழாய் வழியே அறை அறையாகக் காற்று போகும். அதன் கம்ப்ரசர் பெரும்பாலும் ஸ்க்ரோல் வகை. கொசுவர்த்திப் பெட்டியைத் திறந்தால் இரண்டு சுருள்கள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்குமே, அப்படி இரண்டு உலோகச் சுருள்கள். ஒன்று அசையாது, மற்றொன்று அதற்குள் வட்டமாக ஊசலாடும். இடையில் சிக்கும் வாயு ஓரத்திலிருந்து மையத்துக்குத் தள்ளப்பட்டு நெருக்கப்படும். லியோன் க்ரூ என்ற பிரெஞ்சுக்காரர் 1905இலேயே காப்புரிமை பெற்ற யோசனை இது. இரண்டு நிலைக்கு அவர்கள் செய்தது என் மனதைக் கவர்ந்த தந்திரம்: சுருளின் வழியில் சிறு துளைகள் வைத்து, வெயில் குறைந்த நேரத்தில் அவற்றைத் திறந்துவிடுவது. நெருக்கம் தொடங்கும் முன்பே கொஞ்சம் வாயு நழுவிப் போகும். மோட்டாரின் வேகம் மாறாது, ஆனால் இயந்திரம் மூன்றில் இரண்டு பங்கு திறனோடு நிதானமாக ஓடும். நெடுநேரம் ஓடுவதால் காயில் நனைந்தபடியே இருக்கும். சொட்டு விழுந்துகொண்டே இருக்கும்.

நம் ஊர்ச் சுவர் ஏசியில் அந்த இடத்தைப் பிடித்தது இன்வர்ட்டர். கரண்ட் போனால் பேட்டரியில் ஓடும் என்று பலர் நம்புகிறார்கள். பேட்டரிப் பெட்டிக்கும் நாம் அதே பெயர் வைத்திருப்பதால் வந்த குழப்பம். இந்த இன்வர்ட்டர் ஒரு மின்னணுப் பலகை. மாறுதிசை மின்சாரத்தை நேர்திசையாக்கி, வேண்டிய தாளத்தில் மறுபடி மாறுதிசையாக்கிக் கம்ப்ரசருக்குத் தரும். 50 என்ற கட்டு அறுந்துபோகிறது. மெதுவாகவும் சுழலலாம், வேகமாகவும் சுழலலாம். 1980-81இல் ஜப்பானின் தோஷிபா இதை ஏசிக்குள் கொண்டுவந்தது. இரண்டு நிலை என்பது இரண்டு படி கொண்ட ஏணி என்றால், இது சாய்தளம்.

மெதுவாக ஓடினால் கரண்ட் ஏன் மிச்சம்? அதே வெப்பத்தைத்தானே வெளியே தள்ள வேண்டும்? கிணற்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு குடம் நீர் இறைக்கும் சிரமம் கிணற்றின் ஆழத்தைப் பொறுத்தது. ஏசியின் ஆழம் என்பது உள்ளே இருக்கும் குளிர்ந்த காயிலுக்கும் வெளியே இருக்கும் சூடான காயிலுக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசம். முழு வேகத்தில் உள்காயில் 8 டிகிரியும் வெளிக்காயில் 50 டிகிரியும் ஆகலாம். 42 டிகிரி ஆழக் கிணறு. பாதி வேகத்தில் அதே பெரிய காயில்கள் பாதி வெப்பத்தை மட்டும் கையாளுவதால், உள்ளே 14, வெளியே 43 என்று நெருங்கி வரும். கிணற்றில் நீர்மட்டம் ஏறியது போல. குடத்துக்குக் குடம் உழைப்பு குறைகிறது. முதல் 100 யூனிட் போக, ஸ்லாப் தாண்டத் தாண்ட விலை ஏறும் நம் இரண்டு மாதக் கணக்கில், ரீடிங் எடுக்கும் நாளில் இது தெரியும்.

ஆனால் இதற்குள் ஒரு முரண் இருக்கிறது, விற்பவர்கள் அதைச் சொல்வதில்லை. 24 டிகிரி அறையில் ஈரப்பதம் பாதி என்றால், அந்தக் காற்று 13 டிகிரிக்குக் கீழே இறங்கினால்தான் நீரை விடும். கரண்டை மிச்சம் பிடிக்கக் காயிலை அவ்வளவாகக் குளிரவிடாமல் 15, 16 என்றே வைத்திருந்தால், அது காற்றைக் குளிர்விக்கும், தண்ணீரை இழுக்காது. சிக்கனமான இயந்திரம், கசகசப்பான அறை. கம்ப்ரசரின் வேகத்தோடு ஃபேனின் வேகத்தையும் குறைத்தால் காயில் குளிர்ச்சியாகவே இருக்கும். ரிமோட்டில் நீர்த்துளிப் படம் போட்ட 'ட்ரை' பொத்தான் பெரும்பாலும் செய்வது இதைத்தான். மழைக்கால இரவுகளில் அதை அழுத்திப் பார்க்கச் சொல்வேன்.

மின்சிக்கனத்தைக் காட்டும் நட்சத்திர லேபிளுக்கும் ஓர் எல்லை உண்டு. 2018 முதல் சாதா ஏசியும் இன்வர்ட்டர் ஏசியும் ஒரே தராசில் நிறுக்கப்படுகின்றன. வெளிவெப்பம் 24 முதல் 43 டிகிரி வரை ஆண்டுக்கு 1,600 மணி நேரம் என்று கணக்கு. நல்ல ஏற்பாடு. ஆனால் சோதனைக்கூடத்தில் அறைக் காற்று 27 டிகிரி, ஈரப்பதம் ஏறக்குறைய பாதி. பெசன்ட் நகரில் ஜன்னலைச் சாத்திய புதிதில் இருக்கும் காற்று அது இல்லை.

அதனால் யார் கேட்டாலும் முதலில் அளவைத்தான் சொல்கிறேன். அறையைவிடப் பெரிய இன்வர்ட்டர் ஏசியும் தன் அடிமட்ட வேகத்துக்குக் கீழே போக முடியாமல் நின்று நின்றுதான் ஓடும். இரவெல்லாம் ஓடும் கடலோரப் படுக்கையறைக்கு, சரியான அளவு இன்வர்ட்டர். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. விருந்தினர் வந்தால் ஒரு மணி நேரம் போடும் அறைக்குச் சாதா ஏசி போதும். கூடுதலாகக் கொடுத்த விலை திரும்பி வராது. வேலூரின் சித்திரை வெயில் போன்ற வறண்ட சூட்டில் தண்ணீர் இழுக்கும் கவலை குறைவு, மின்சார மிச்சத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யலாம். இன்வர்ட்டர் பலகை கெட்டால் செலவு அதிகம் என்பதும் உண்மை. வெளிப்பெட்டிக்குள் பல்லி புகுந்து பலகையில் ஷார்ட் ஆன கதையை மெக்கானிக்குகள் நிறையவே சொல்வார்கள்.

எங்கள் இரண்டு டன் மெஷின் இப்போது அண்ணன் வீட்டு ஹாலில், அதற்கேற்ற இடத்தில் ஓடுகிறது. படுக்கையறையில் ஒரு டன் இன்வர்ட்டர். மாட்டிய அன்றிரவு பழைய வாளியை எடுத்துப்போய்ப் பைப்புக்குக் கீழே வைத்தேன். இரண்டு மணிக்கு விழிப்பு வந்தபோது கம்ப்ரசர் சத்தம் காதில் விழவே இல்லை. நின்றுவிட்டதோ என்று பால்கனிக்குப் போனேன். தாழ்ந்த குரலில் முனகிக்கொண்டிருந்தது. வாளியில் நாலு விரல் உயரத்துக்குத் தண்ணீர். மேலே இருந்து மெல்லிய சொட்டு, ஒன்றன்பின் ஒன்றாக, இடைவெளி மாறாமல் விழுந்துகொண்டிருந்தது. உள்ளே அம்மா போர்வையை விலக்காமல் தூங்கிக்கொண்டிருந்தார். காலையில் அந்தத் தண்ணீரைத் துளசிச் செடிக்கும் கறிவேப்பிலைக்கும் ஊற்றினேன்.