ஊறுகாய்ப் புட்டிக்குள் ஒரு நாடு

வோல்ஃப்காங் பெக்கர் இயக்கி 2003இல் வெளிவந்த ‘குட் பை, லெனின்!’ என்ற ஜெர்மன் படத்தைத் தாய்ப்பாசக் கதையாகவே பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். கிழக்கு ஜெர்மனி தன் 40ஆம் ஆண்டைக் கொண்டாடிய 1989 அக்டோபர் 7 அன்று, ஆட்சிக்கு எதிரான ஊர்வலத்தில் மகன் அலெக்ஸைப் போலீஸ் பிடித்துப்போவதைக் கண்டு, தாய் கிறிஸ்டியானே மாரடைப்பில் சரிகிறாள். எட்டு மாதம் நினைவின்றிக் கிடக்கிறாள். அதற்குள் பெர்லின் சுவர் விழுந்துவிடுகிறது. கண் விழித்தவளுக்கு அதிர்ச்சி ஆகாது என்கிறார் மருத்துவர். எனவே சுவர் விழுந்ததை அவளிடம் மறைக்க, போய்விட்ட நாட்டை அவள் படுக்கையறைக்குள் மறுபடி எழுப்பத் தொடங்குகிறான் மகன்.

கடையில் இப்போது கிடைப்பது ஹாலந்து வெள்ளரி ஊறுகாய்தான். அலெக்ஸ் குப்பைத்தொட்டியைக் கிளறி, கிழக்கு ஜெர்மனியின் பழைய ‘ஷ்ப்ரேவால்ட்’ ஊறுகாய்ப் புட்டிகளைப் பொறுக்கிக் கழுவி, அதில் இதை மாற்றி வைக்கிறான். சன்னலுக்கு வெளியே கோக்கோ கோலா விளம்பரம் தெரிந்துவிட்டால், அந்தப் பானமே கிழக்கின் கண்டுபிடிப்பு என்று நண்பன் டெனிஸோடு போலிச் செய்தி தயாரிக்கிறான். இதைப் பார்த்துச் சிரிக்கும்போதே ஒன்று உறைக்கிறது: லேபிளையும் செய்தியையும் வைத்து ஒரு நாட்டை நம்பவைக்கும் இந்த வித்தை அவன் சொந்தச் சரக்கல்ல, அவனை வளர்த்த அரசிடம் கற்றது.

இதனால்தான், பழைய ஆட்சியை இனிக்க இனிக்கக் காட்டி அதன் கொடுமைகளை மழுப்புகிறது படம் என்ற குற்றச்சாட்டை என்னால் ஏற்க முடியவில்லை. உளவுத்துறையின் விசாரணை அறைகளைப் படம் விரிவாகக் காட்டவில்லை என்பது உண்மை. ஆனால் அந்த அச்சத்தைச் சமையலறையிலேயே காட்டுகிறது. வேறொரு பெண்ணுக்காகக் குடும்பத்தை விட்டு மேற்கே ஓடினார் தந்தை என்று பிள்ளைகளிடம் சொல்லி வளர்த்தவள் கிறிஸ்டியானே. உண்மையில் அவளும் பிள்ளைகளோடு பின்னால் போவதாகத்தான் ஏற்பாடு. வெளியேற அனுமதி கேட்டால் குழந்தைகளைப் பறித்துக்கொள்வார்களோ என்று பயந்து நின்றுவிட்டாள். அவர் எழுதிய கடிதங்கள் சமையலறை அலமாரிக்குப் பின்னால் கிடந்தன. குடும்பத்தின் முதல் பொய் இதுதான். மகனின் பொய் அதன் வாரிசு.

அன்பால் சொன்னாலும் பொய் பொய்தானே, நோயாளிக்கு உண்மை அறியும் உரிமை இல்லையா என்று கேட்கலாம். படமே அதைக் கேட்கிறது: அலெக்ஸின் காதலி லாரா பொறுக்கமாட்டாமல் தாயிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறாள். அதன்பின் கடைசிப் போலிச் செய்தி ஓடும்போது, கிறிஸ்டியானே திரையைவிட மகனைத்தான் பார்க்கிறாள்; தெரிந்ததாகக் காட்டிக்கொள்வதில்லை. ஆளப்படுகிறவர்கள் அரசின் பொய்யை அம்பலப்படுத்த முடிந்தும் மௌனம் காத்தால், அதற்குக் காரணம் அச்சம். இவள் மௌனம் காப்பது, மகனின் உழைப்பை மதித்து. வெளிக்கு ஒன்றாகத் தெரியும் இரு மௌனங்களையும் பிரித்துப் பார்க்க வைப்பதே இந்த நகைச்சுவையின் அரசியல்.