காலிங் பெல்லுக்குப் பின்னால் இரண்டு ஒயர்

அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வரும் பிள்ளைகளின் பெட்டியில் சாக்லேட்டுக்கும் வைட்டமின் மாத்திரைக்கும் நடுவே இப்போது வீடியோ காலிங் பெல்லும் வருகிறது. கும்பகோணத்திலோ தாம்பரத்திலோ தனியாக இருக்கும் அப்பா அம்மாவின் வாசலில் யார் நிற்கிறார்கள் என்று நியூ ஜெர்சியில் உட்கார்ந்தபடி பார்த்துவிடலாம் என்பது கணக்கு. அட்டைப் பெட்டியைப் பிரித்தால் உள்ளங்கையில் அடங்கும் ஒரு கேமரா, நாலைந்து ஸ்குரூ, சின்னதாக ஒரு வழிகாட்டிப் புத்தகம். பழைய பட்டனைக் கழற்றுங்கள், பின்னால் உள்ள இரண்டு ஒயரை இதில் மாட்டுங்கள், வேலை முடிந்தது என்கிறது புத்தகம்.

அது அமெரிக்கச் சுவருக்காக எழுதிய புத்தகம். நம் சுவரில் அப்படியே செய்தால் கேமரா கருகிப்போகலாம். ஸ்குரூ திருகும் கைக்கும் ஆபத்து.

அங்கே வீடுகளில் காலிங் பெல்லுக்கென்றே ஒரு குட்டி டிரான்ஸ்பார்மர் இருக்கும். 120 வோல்ட் மின்சாரத்தை அது 16 முதல் 24 வோல்ட்டாகக் குறைத்து அனுப்பும். வாசல் பட்டனுக்கு வருவது அந்தக் குறைந்த மின்சாரம்தான். நம் ஊரில் பெரும்பாலான வீடுகளில் பெல் சுவிட்ச் என்பது ஃபேன் சுவிட்சைப் போல இன்னொரு சுவிட்ச், அவ்வளவுதான். 230 வோல்ட் பேஸ் லைன் நேராக வாசல்வரை வந்து, பட்டனைக் கடந்து, ஹாலில் குருவி கத்தும் பெல்லுக்குப் போகிறது. அடைமழையில் சுவர் ஊறிக் கிடக்கும்போது பெல்லை அழுத்தினால் சில வீடுகளில் விரலில் சுரீரென்று இழுப்பது இதனால்தான்.

இன்னொரு சிக்கலும் அங்கேயே இருக்கிறது. பட்டனில் இரண்டு ஒயர் இருந்தாலும் அதில் நியூட்ரல் கிடையாது. ஒன்று பேஸ் வருகிற ஒயர். மற்றது அதே பேஸ் பெல்லுக்குப் போகிற ஒயர். நியூட்ரல் வேறு வழியில் நேராகப் பெல்லுக்குப் போய்விடும். எனவே வாசலிலேயே ஒரு அடாப்டரைச் சொருகிச் சமாளித்துவிடலாம் என்ற யோசனையும் பலிக்காது.

விஷயம் தெரிந்த எலக்ட்ரீசியன் இதை எப்படிச் செய்கிறார்? முதலில் எம்.சி.பி.யை இறக்குவார். அதோடு நிற்காமல் இரண்டு ஒயரிலும் டெஸ்டரை வைத்துப் பார்ப்பார். மெயினை அணைத்தாலும் இன்வெர்ட்டர் லைனில் கரன்ட் இருந்துகொண்டேதான் இருக்கும். பல வீடுகளில் பெல் அந்த லைனில் இருக்கிறது. அடுத்து, பட்டனுக்குப் போகும் பேஸை சுவிட்ச் போர்டிலேயே துண்டித்துவிடுவார். பைப் அடைபடாமல் இருந்தால் பழைய ஒயரின் வாலில் புது ஒயரைக் கட்டி உருவுவார். இல்லாவிட்டால் ஸ்பிரிங் விட வேண்டும். டிரான்ஸ்பார்மர் வீட்டுக்குள், மூடிய பெட்டியில் உட்காரும். அங்கிருந்து வாசலுக்கு இரண்டே ஒயர். 230 வோல்ட் ஓடும் பைப்புக்குள்ளேயே இதையும் சேர்த்துத் திணிக்கக் கூடாது. பழைய பைப்பில் வேறு லைனும் ஓடினால், தனி கேசிங் அடித்துத்தான் ஆக வேண்டும். சுவரின் அழகு கொஞ்சம் கெடும், பரவாயில்லை.

டிரான்ஸ்பார்மரை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் வோல்ட்டை மட்டும் கேட்டால் போதாது. எத்தனை வி.ஏ. (வோல்ட்-ஆம்பியர்) என்றும் கேட்க வேண்டும். கூகுள் நெஸ்ட்டின் ஒயர்டு மாடலுக்கு 16 முதல் 24 வோல்ட் ஏ.சி.யும் குறைந்தது 10 வி.ஏ. திறனும் தேவை. வீட்டில் சும்மா கிடக்கும் 12 வோல்ட் டி.சி. அடாப்டரை எடுத்து மாட்டுவது இங்கே செல்லாது. பழைய பெல்லுக்கு விரல் அழுத்தும் அந்த ஒரு நொடிக்குத்தான் மின்சாரம். கேமராவுக்கோ இரவு பகலாகத் தேவை. ஒயர் மெலிதாகவும் தூரம் அதிகமாகவும் இருந்தால் போகிற வழியிலேயே வோல்ட் இறங்கிவிடும். பகலில் ஒழுங்காக வேலை செய்யும் கேமரா, இரவில் இன்ஃப்ராரெட் விளக்கு எரியத் தொடங்கியதும் அணைந்து அணைந்து எரிந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

அமெரிக்க வயரிங்கில் ஒரு சாமர்த்தியம் உண்டு. கேமரா தனக்கு வேண்டிய மின்சாரத்தைப் பெல்லின் காயில் வழியாகவே சிறிதளவில் எப்போதும் இழுத்துக்கொண்டிருக்கும். அந்த அளவுக்குப் பெல்லின் சுத்தி அசையாது. பட்டனை அழுத்தும்போது மட்டும் முழு மின்சாரமும் பாய்ந்து 'டிங் டாங்' கேட்கும். கணக்கு கொஞ்சம் பிசகினால் பெல் அடிக்காமலே நாள் முழுக்க வண்டு போல ரீங்கரிக்கும். ரிங் நிறுவனத்தின் மலிவான ஒயர்டு மாடலோ இந்தத் தொல்லையே வேண்டாமென்று, பழைய பெல்லைத் தவிர்த்துவிட்டுப் போக ஒரு ஜம்பர் ஒயரைப் பெட்டியிலேயே வைத்துத் தருகிறது.

வாசல் கேமரா என்ற யோசனை கைபேசியைவிடப் பழையது. நியூயார்க் நகரின் குயின்ஸ் பகுதியில் வசித்த மேரி வான் பிரிட்டன் பிரவுன் ஒரு நர்ஸ். கணவர் ஆல்பர்ட் எலக்ட்ரானிக்ஸ் டெக்னீஷியன். இருவரும் 1966இல் விண்ணப்பித்து, 1969இல் காப்புரிமை பெற்றார்கள். கதவில் வெவ்வேறு உயரத்தில் துளைகள், அவற்றுக்கு நேராக மேலும் கீழும் நகரும் கேமரா, உள்ளறையில் இருக்கும் டி.வி.யில் படம், எழுந்து போகாமலே கதவைத் திறக்க ஒரு பட்டன். கிட்டத்தட்ட எல்லாமே அதில் இருந்தது. 2013இல் ஜேமி சிமினாஃப் 'டோர்பாட்' என்ற வைஃபை பெல்லோடு 'ஷார்க் டேங்க்' நிகழ்ச்சிக்குப் போய், முதலீடு கிடைக்காமல் திரும்பினார். அது பிறகு ரிங் ஆனது. 2018இல் அமேசான் அந்த நிறுவனத்தையே வாங்கிக்கொண்டது.

டிரான்ஸ்பார்மர் விவகாரமே வேண்டாம் என்பவர்களுக்கு உள்ளூரிலேயே நல்ல வழி இருக்கிறது. அடுக்குமாடி வீடுகளில் பல ஆண்டுகளாகப் புழங்கும் வீடியோ டோர் போன்தான் அது. ஹாலில் ஒரு திரை, வாசலில் ஒரு கேமரா. நடுவே பெரும்பாலும் நான்கு கோர் ஒயர். கேமராவுக்கு வேண்டிய மின்சாரத்தை ஹால் திரையே கொடுத்துவிடும். இன்டர்நெட் போனாலும் வேலை செய்யும். செல்போன் பழகாத பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்கு இதுவே மேல். புது வீடு கட்டுகிறவர்கள் பூச்சு வேலைக்கு முன்பே கேட் 6 கேபிளுக்கு ஒரு தனி பைப்பைப் பதித்துவிடலாம். பி.ஓ.இ. வகைப் பெல்லுக்கு மின்சாரம், இன்டர்நெட் இரண்டும் அந்த ஒரே கேபிளில் போகும். 100 மீட்டர் வரை தாங்கும். காம்பவுண்டு கேட் வீட்டிலிருந்து தள்ளி இருந்தால் வைஃபையை நம்புவதைவிட இது எவ்வளவோ மேல்.

எங்கே பொருத்துவது என்பதிலும் விஷயம் இருக்கிறது. தரையிலிருந்து சுமார் நாலடி உயரம் சரியாக இருக்கும். அதற்கு மேலே போனால் வந்தவரின் உச்சந்தலைதான் தெரியும், வாசற்படியில் வைத்துவிட்டுப் போன பார்சல் தெரியாது. மேற்குப் பார்த்த வாசலில் சாயங்கால வெயில் நேராக லென்சில் அடித்து, எதிரே நிற்பவர் வெறும் நிழலாகிவிடுவார். பக்கவாட்டில் திருப்பிப் பொருத்த ஒரு ஆப்புக் கட்டை அதற்கு உதவும். ஐப்பசி மழைக்கு முன் பெல்லின் மேல் விளிம்பிலும் இரண்டு பக்கங்களிலும் சிலிக்கான் பூச வேண்டும். கீழ் விளிம்பை விட்டுவிட வேண்டும். உள்ளே போன தண்ணீர் வெளியேற வழி வேண்டாமா? ஒயர் வரும் பைப்பின் வாயையும் அடைப்பது நல்லது, எறும்புக்கு அது ராஜபாட்டை. இரவில் திரை முழுக்க வெள்ளை வெளேரென்று தெரிந்தால் கேமரா கெட்டுவிட்டதென்று பதற வேண்டியதில்லை. விளக்கைத் தேடி வரும் பூச்சிகளுக்காகச் சிலந்தி லென்சுக்கு நேரே வலை பின்னியிருக்கும். துடைத்தால் சரியாகிவிடும்.

கரன்ட் போகும்போது பெல் இன்வெர்ட்டரில் ஓடும். வைஃபை ரூட்டர் ஓடாது என்றால் படம் போய்ச் சேராது. இரண்டும் ஒரே லைனில் இருக்கின்றனவா என்று பொருத்துகிற அன்றே மெயினை இறக்கிப் பார்த்துவிடலாம்.

எதிர்வீட்டுக் கதவு ஆறடி தூரத்தில் இருக்கும் பிளாட்டுகளில் வேறொரு சங்கடம். உங்கள் கேமராவில் பதிவது அவர்கள் வீட்டுப் போக்குவரத்து. இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு நீதிமன்றம் 2021இல் ஒரு வழக்கில், பக்கத்து வீட்டார் பொருத்திய இத்தகைய சாதனங்கள் வெகுதூரப் பேச்சுவரை ஒலிப்பதிவு செய்தது அளவுக்கு மீறியது என்று தீர்ப்பளித்தது. இந்தியாவில் 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் சொந்த வீட்டுத் தேவைக்காகக் கையாளும் பதிவுகளைத் தன் வரம்புக்கு வெளியே வைத்திருக்கிறது. சட்டம் விட்டாலும் எதிர்வீட்டம்மா விட மாட்டார். செட்டிங்கில் அவர்கள் கதவை மறைத்துவிடும் வசதி பல மாடல்களில் உண்டு. ஒலிப்பதிவையும் அணைத்து வைக்கலாம்.

கடைசியாக, சத்தம். பழைய பெல்லைத் துண்டித்துவிட்டுக் கேமராவை மட்டும் பொருத்தினால், வாசலில் பால்காரர் அழுத்தும்போது மகனின் செல்போன்தான் நியூ ஜெர்சியில் அடிக்கும். சமையலறையில் குக்கர் விசிலுக்குப் பக்கத்தில் நிற்கும் அம்மாவுக்கு ஒன்றும் கேட்காது. பிளக் பாயின்ட்டில் சொருகும் வயர்லெஸ் சைம் ஒன்றைச் சேர்த்தே வாங்கி, அதைச் சமையலறைக்குப் பக்கத்தில் மாட்டிவிட வேண்டும்.