ஒரு கீற்று நிழலின் விலை

திருவையாற்றிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டால் 78,000 ரூபாய் மானியம் கிடைக்கும், அப்புறம் கரண்ட் பில்லே வராது என்கிறார்கள். வீட்டுக்குக் கிழக்கே இரண்டு தென்னை நிற்கிறது. போடலாமா?”

கேள்வியில் மானியம் முன்னால் வருகிறது, தென்னை பின்னால் வருகிறது. விற்க வருகிறவர்களும் இந்த வரிசையில்தான் பேசுகிறார்கள், பல சமயம் தென்னை வரை வருவதே இல்லை. காவிரிப் படுகையில் வீடு வைத்திருப்பவர் முதலில் நிழலைக் கேட்க வேண்டும், அடுத்து தன் மின்கட்டணத்தை. மானியம் அதற்கும் பின்னால்தான்.

அந்த மானியத்தை முதலில் பேசி முடித்துவிடுவோம், அது எளிய கணக்கு. 2024 பிப்ரவரியில் மத்திய அரசு ஒரு கோடி வீடுகளுக்காக 75,021 கோடி ரூபாயில் ‘பி.எம். சூர்ய கர்’ திட்டத்தை அறிவித்தது. முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய். அதற்கு மேல் எத்தனை போட்டாலும் 78,000 தான். முதல் இரண்டுக்கு விலையில் 60 சதவீதம், மூன்றாவதுக்கு 40 சதவீதம் என்பது இதன் அடிப்படை. அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டால், 3 கிலோவாட்டுக்கு அரசு வைத்துக்கொண்ட விலை 1,45,000 ரூபாய் என்று வரும். கடைக்காரர் தரும் கொட்டேஷனில் அந்த எண்ணைப் பார்ப்பது அரிது. மானியம் வேண்டுமென்றால் உள்நாட்டில் செய்த செல்கள் உள்ள பேனல்தான் போட வேண்டும், அதன் விலை கூடுதல். இரும்புச் சட்டத்தை ஆள் உயரத்துக்குத் தூக்கி வைக்கச் சொன்னால் இன்னும் கூடும். 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் கருவிகளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்த பிறகும், 1.8 லட்சத்திலிருந்து 2.2 லட்சம் வரை கேட்கிறார்கள். மானியம் வேலை முடிந்து, மீட்டர் மாட்டிய பிறகே வங்கிக் கணக்குக்கு வரும். அதுவரை முழுப் பணமும் நம் கையிலிருந்தோ கடனிலிருந்தோ போக வேண்டும்.

‘பில்லே வராது’ என்ற பேச்சை இனிப் பார்ப்போம். தமிழ்நாட்டில் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். 2024 ஜூலையில் உயர்ந்த கட்டணப்படி, 200 யூனிட்டுக்குள் நிற்கிற வீட்டுக்கு அடுத்த நூறு யூனிட் இரண்டரை ரூபாய்க்கும் குறைவு. 500-ஐத் தாண்டினால் தொடக்கப் படிகளின் சலுகையும் சுருங்கிவிடும். 501-வது யூனிட்டின் விலை எட்டு ரூபாயைத் தாண்டும், 1,000-க்கு மேல் பதினோரு ரூபாயையும் தாண்டும். நெட் மீட்டரில் சோலார் தரும் யூனிட் மொத்தத்திலிருந்து கழிகிறது. அதாவது விலை கூடிய மேல்படியிலிருந்து முதலில் கழிகிறது. இரண்டு மாதத்துக்கு 800 யூனிட் ஓடும், இரண்டு ஏ.சி. உள்ள வீட்டில் 4,700 ரூபாய்க்கு அருகில் வரும் பில்லை 3 கிலோவாட் ஏறக்குறைய துடைத்துவிடும், போட்ட பணம் ஐந்தாறு வருடத்தில் திரும்பிவிடும். 400 யூனிட் வீட்டில் 2 கிலோவாட் போட்டால் முதல் மீள பத்து வருடத்துக்கு மேல் ஆகும். ஃபேனும் டி.வி.யும் கிரைண்டருமாக 180 யூனிட்டில் முடிகிற வீடு இருநூறு ரூபாய்கூட கட்டுவதில்லை. அந்த வீட்டுக்குச் சோலார் விற்பவர் அந்தக் குடும்பத்துக்கு நல்லது செய்யவில்லை. டெல்டா கிராமங்களில் இப்படிப்பட்ட வீடுகள் நிறைய.

வரலாறு ஒரு பத்தி போதும். 1839-இல் பிரான்சில் பெக்கரெல் ஒளியிலிருந்து மின்சாரம் பிறப்பதைக் கண்டார். 1954-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகம் ஆறு சதவீதத் திறனுள்ள சிலிக்கான் செல்லைச் செய்தது. இன்று மாடிக்கு வரும் பேனலின் திறன் இருபது சதவீதத்தைத் தாண்டுகிறது. நம் பக்கம் 2011-இல் தமிழக அரசு பசுமை வீடுகள் திட்டத்தில் 300 சதுர அடி வீடுகளுக்குச் சூரிய விளக்குகள் கொடுத்தது. அது பேட்டரியை நம்பிய ஏற்பாடு. இன்றைய மாடி சோலாருக்கு ஈ.பி. கம்பியே துணை.

இனி நிழல். 540 வாட் பேனல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழரை அடி நீளம், நாலு அடிக்குச் சற்றுக் குறைந்த அகலம். நன்றாக வெயில் படும்போது ஒரு சிலிக்கான் செல் தருவது அரை வோல்ட் சொச்சம்தான். அதனால் 72 செல்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருப்பார்கள். வோல்ட் கூடிக்கொண்டே போகும். மின்னோட்டம் கூடாது, எல்லா செல்லிலும் ஒரே அளவுதான் ஓட முடியும்.

இதைப் புரிந்துகொள்ள தஞ்சாவூர்க்காரருக்குக் கல்லணைக் கால்வாயிலிருந்து பிரிகிற ஒரு வாய்க்கால் போதும். ஒரே வாய்க்காலில் வரிசையாக 72 மதகுகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் முழுதாகத் திறந்திருந்தால் தண்ணீர் கடைமடை வரை பாயும். நாற்பதாவது மதகில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டால் எழுபத்தொரு மதகுகள் திறந்திருந்தும் பயனில்லை. அந்த ஒரு மதகு எவ்வளவு விடுகிறதோ அவ்வளவுதான் கடைமடைக்கு. ஒரு செல்லின் பாதியில் நிழல் விழுந்தால் அதன் மின்னோட்டம் பாதியாகும், அதன் வரிசையில் கோத்த அத்தனை செல்லுக்கும் அந்தப் பாதிதான் மேல்வரம்பு. வெயிலில் காய்கிற செல்கள் என்ன செய்தும் பயனில்லை.

இதோடு முடிந்தால் நஷ்டம் மட்டும்தான். அடைத்த மதகில் வந்து மோதுகிற தண்ணீர் சும்மா இருக்காது, மட்டம் ஏறி கரையை முட்டும். அதே போல, வெயிலில் உள்ள செல்கள் எல்லாம் சேர்ந்து நிழலில் உள்ள ஒற்றைச் செல்லின் மேல் தங்கள் வோல்ட் முழுவதையும் தலைகீழாகத் திணிக்கும். மின்சாரம் தர வேண்டிய செல் அப்போது மின்சாரத்தைத் தின்று சூடாகும். ஒரு உள்ளங்கை அளவு சிலிக்கான் தகட்டில் நூறு வாட்டுக்கு மேல் வெப்பம் இறங்கினால் பின்பக்கத் தாள் பழுக்கும், கண்ணாடியும் விரிசல் விடலாம். வாய்க்காலில் இதற்குப் பெயர் உடைப்பு.

உடைப்பைத் தடுக்க வாய்க்காலில் ஆபத்தான இடத்தைச் சுற்றி ஒரு பக்க வாய்க்கால் வெட்டி, ஒரு பக்கமாக மட்டும் திறக்கும் கதவு வைக்கலாம். மட்டம் ஏறினால் கதவு தானே திறந்து, அடைத்த பகுதியை விட்டுவிட்டுத் தண்ணீர் சுற்றிப் போகும். பேனலின் முதுகில் ஒட்டியிருக்கும் சின்ன கறுப்புப் பெட்டிக்குள் இருப்பது அந்தக் கதவுதான், பெயர் பைபாஸ் டயோடு. ஒரு பேனலில் மூன்று இருக்கும், ஒவ்வொன்றும் 24 செல்லுக்குக் காவல்.

ஏன் 24? இந்தக் கேள்விக்கு வரும் விடை எனக்கு மிகவும் பிடிக்கும். சிலிக்கான் செல் தலைகீழ் வோல்ட்டை ஓரளவுதான் தாங்கும். மட்டமான செல் பதினைந்து வோல்ட் வாக்கிலேயே கரை உடைந்துவிடக்கூடும். 24 செல் சேர்ந்தால் 12 வோல்ட் சொச்சம், எனவே ஒரு டயோடுக்குள் நடக்கும் எந்தச் சண்டையும் அந்த எல்லைக்குள் நின்றுவிடும். கரை எவ்வளவு உயரமோ அதைப் பார்த்துத்தான் எத்தனை மதகுக்கு ஒரு பக்க வாய்க்கால் என்று முடிவு செய்திருக்கிறார்கள். ஏழரை அடிக் கண்ணாடிக்குள் இருக்கும் இந்தக் கட்டுப்பாட்டை நினைத்தால் கல்லணையை மதிப்பதைப் போலவே இதையும் மதிக்கத் தோன்றுகிறது.

ஆனால் பக்க வாய்க்கால் திறந்தால் அந்த 24 மதகின் வயல்களுக்குத் தண்ணீர் கிடையாது. ஒரே ஒரு செல்லில் காக்கை எச்சம் முழுதாகப் படிந்தால்கூட பேனலின் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். மிச்சத்தை வைத்து எவ்வளவு இழுக்க முடியும் என்று பார்ப்பது இன்வெர்ட்டரின் வேலை. வாய்க்கால் லஸ்கர் ஷட்டரைக் கொஞ்சம் ஏற்றி, கொஞ்சம் இறக்கி, ஓட்டத்தையும் மட்டத்தையும் பார்த்துச் சரியான இடத்தில் நிறுத்துவார் அல்லவா? இன்வெர்ட்டர் இதே வேலையைப் பொழுதெல்லாம் செய்துகொண்டிருக்கிறது. நிழல் விழுந்த மாடியில் அதற்கு இரண்டு சரியான இடங்கள் தென்படும், ஒன்று பெரியது, ஒன்று சிறியது. மட்டமான இன்வெர்ட்டர் சிறியதிலேயே நின்றுவிடும். இந்த உவமை ஓரிடத்தில் உதவாது: வழிந்த தண்ணீர் வடிகாலில் ஓடி அடுத்த ஊருக்காவது பயன்படும், பேனலில் வழிந்த வெளிச்சம் வெறும் சூடு.

இந்த 24 கணக்கை அறிந்தவர் பேனலை எப்படிப் படுக்கவைப்பது என்றும் கேட்பார். பழைய வகைப் பேனலை நெடுக்காக நிறுத்தி, அதன் கீழ் விளிம்பில் கைப்பிடிச் சுவரின் நிழல் ஒரு சாண் விழுந்தால், மூன்று குழுவிலும் செல்கள் மாட்டிக்கொண்டு முழுப் பேனலும் செத்துவிடும். அதையே கிடையாக வைத்தால் ஒரு குழு மட்டும் போகும். இப்போது வரும் பாதி வெட்டிய செல் பேனல்களில் மேல் பாதியும் கீழ் பாதியும் தனித்தனி வழி, அதனால் நெடுக்காக வைத்தாலும் பாதி மிஞ்சும். கீழ் விளிம்பு எங்களூரில் முக்கியம். சம்பா அறுவடையில் பறக்கும் வைக்கோல் தூசியும், அரிசி ஆலை பக்கம் என்றால் உமிச் சாம்பலும், பனியில் நனைந்து வழிந்து அந்த விளிம்பில்தான் படியும். மழை அதைக் கழுவித் தள்ள பத்து டிகிரி சரிவாவது வேண்டும். தஞ்சாவூர் அட்சரேகையும் பதினோரு டிகிரிக்குச் சற்றுக் குறைவுதான், தெற்கு நோக்கி அந்தச் சரிவே போதும். முப்பது டிகிரி சாய்க்கச் சொல்லும் ஆளைத் திருப்பி அனுப்பிவிடலாம்.

சித்திரை வெயிலில் உற்பத்தி கொட்டும் என்று சிலர் நம்புகிறார்கள். பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு அதற்கு எதிரி. செல்லின் வெப்பம் 25 டிகிரியைத் தாண்டும் ஒவ்வொரு டிகிரிக்கும் திறன் 0.35 சதவீத அளவில் குறையும். வெளியே 38 டிகிரி என்றால் செல் 65-ஐத் தொடும், ஏழில் ஒரு பங்கு அங்கேயே போகும். வருடம் முழுவதும் சேர்த்துப் பார்த்தால் ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்கு நாலு யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம், ஐப்பசி கார்த்திகையில் அதுவும் வராது.

தென்னைக்கு வருவோம். சூரியன் நம் கண்ணுக்கு அரை டிகிரி அகலம். அதனால் எந்தப் பொருளின் முழுநிழலும் அதன் அகலத்தைப்போல 107 மடங்கு தூரத்தில் மறைந்துவிடும். மூன்று சென்டிமீட்டர் கீற்றின் கறுத்த நிழல் மூன்று மீட்டர் தாண்டாது, அதற்கப்பால் மங்கல்தான். மாடியை உரசும் மட்டை ஆபத்து. பத்து மீட்டர் தள்ளி ஆடும் ஒற்றைக் கீற்றுக்குப் பயப்பட வேண்டாம். ஒரு அடி அகல மரத்தண்டின் நிழலோ முப்பது மீட்டருக்கும் கறுப்பாகவே விழும், கீற்றுகள் அடர்ந்த கொண்டை முழுதாக ஒரு குடை. மாடியிலுள்ள ஆன்டெனா கம்பத்தையும் இதே கணக்கில் பாருங்கள்.

கிழக்கே ஆறு மீட்டர் தள்ளி, மாடிக்கு மேல் பதினோரு மீட்டர் உயர்ந்து நிற்கும் மரத்தின் கொண்டை, பங்குனி, சித்திரை, புரட்டாசி மாதங்களில் காலை பத்தரை மணி வாக்குவரை மாடியில் நிழலோட்டும். தெற்கே அதே உயர மரம் என்றால் மார்கழியில் உச்சிவேளையிலும் ஏழரை மீட்டர் தூரம் நிழல் நீட்டும். ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் கடைசி வாரம்வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே போய்விடும், அப்போது வடக்கு மரமும் கணக்கில் சேரும். ஒரே நாள் வந்து மாடியை அளந்துவிட்டுப் போகிறவருக்கு இது எதுவும் தெரியாது. மார்கழியில் ஒருநாள், ஆனியில் ஒருநாள், காலை ஒன்பது, நண்பகல், மாலை மூன்று மணிக்கு நிழலின் விளிம்பைச் சாக்பீஸால் கோடு போட்டால் போதும்.

விற்பவர்கள் சொல்லாமல் விடும் இன்னொன்று: ஈ.பி. கரண்ட் போனால் இந்தச் சோலாரும் நின்றுவிடும், உச்சி வெயிலிலும். கம்பியில் மின்சாரம் இல்லை என்று தெரிந்ததும் இன்வெர்ட்டர் தன்னை அணைத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. கம்பத்தில் ஏறி நிற்கும் லைன்மேன், செத்த கம்பி என்று நம்பித் தொடுவதை நம் மாடி மின்சாரம் உயிர்ப்பித்துவிடக் கூடாது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்த பிறகு பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் விழுந்த கம்பங்களை நட்டு நிமிர்த்தியவர்களை நினைத்தால் அந்த விதியின் அருமை தெரியும். இருட்டில் விளக்கு எரிய வேண்டுமென்றால் பேட்டரியோடு கூடிய இன்வெர்ட்டர் வேண்டும், அதற்குத் தனிச் செலவு. அதே கஜா இன்னொன்றையும் சொல்லிக்கொடுத்தது: சட்டத்தின் கால்களைக் கூரைக் கான்கிரீட்டில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும், வெறும் கல் பாரத்தை நம்பக் கூடாது.

ஆக, திருவையாற்று வாசகரே, உங்கள் பில் 500 யூனிட்டைத் தாண்டுகிறதென்றால் போடுங்கள். 3 கிலோவாட்டுக்கு வேண்டிய ஆறு பேனலையும் மாடியின் மேற்கு ஓரமாக ஒதுக்கி, காலை நிழல் படுகிற இரண்டு பேனலை மட்டும் தனி வரிசையாக இணைக்க முடியுமா என்று கேளுங்கள், அதற்கு இன்வெர்ட்டரில் இரண்டு உள்ளீடு இருக்க வேண்டும். முடியாதென்றால் பேனலுக்கொரு மைக்ரோ இன்வெர்ட்டர் உண்டு, விலை கூடும், ஆனால் ஒரு பேனலின் நிழல் அடுத்ததைத் தொடாது. தென்னைகளை வெட்ட வேண்டாம். தெற்கே பக்கத்து மனையில் புதிதாக நட்டிருக்கும் நெட்டை ரகக் கன்றுகள் இருந்தால் அவற்றையும் வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பேனலின் உத்தரவாதம் 25 வருடம், அந்தக் கன்றுகள் பத்துப் பன்னிரண்டு வருடத்தில் உங்கள் மாடியைத் தாண்டிவிடும்.